அஞ்சாம் நம்பர் பட்டன்

செல்போன்களைப் பற்றி மட்டுமே எழுதுகிற ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை எழும். எழுப்புகிறவர் அப்பா. நாங்கள் நான்கு பேரில் செல்போன் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பத்திரிகையைக் கையால் தொடாதவரும் அவர் ஒருவர்தான். "போன்னா பேசணும். அதைப் பத்திப் படிக்கறதுக்கு இன்னா கீது?" என்பார். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலேயே, "நகைக்கடை விளம்பரத்தை நான் பாக்கறதில்லயா, அந்த மாதிரிதான்" என்பாள். நகை என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவுக்கு வேறு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

பட்டன் வைத்த போன்களின் கடைசிக் காலம் அது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே போகிற தெரு ஒன்றில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். நான் ஆறாம் வகுப்பு. என்னைவிட எட்டு வயது பெரியவளான அக்கா, பிளஸ் டூ முடித்த கையோடு ஒரகடம் தாண்டி ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஜங்ஷனுக்குக் கம்பெனி பஸ் வந்து அவளைக் கொண்டுபோய்விடும்.

அங்கே அவளுக்கு என்ன வேலை என்று நான் அடிக்கடி கேட்பேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வாள். வரிசையாக நகர்ந்து வரும் போன்களில் எண்கள் இருக்கிற ரப்பர் தகட்டை வைத்துப் பொருத்த வேண்டும். பிறகு கட்டைவிரலால் ஒன்றிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பார்க்க வேண்டும். எதிரே பச்சை விளக்கு எரிந்தால் சரி. அடுத்த போன் வந்துவிடும். அவளிடம் வரும்போது அதற்கு முதுகும் இருக்காது, கண்ணாடியும் இருக்காது. முழுதாக முடிந்த போன் ஒன்றை அவள் அங்கே பார்த்ததே இல்லை. வெளியே வரும்போது கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். உள்ளே கொண்டுபோகவும் கூடாது, வெளியே கொண்டுவரவும் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் புத்தகம் விற்கிறவரிடம் அந்தப் பத்திரிகையைப் பார்த்திருக்கிறாள். அட்டையில் ஒரு போன். இது நம்ம போனாயிற்றே என்று சந்தேகம். உள்ளே புரட்டினால் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் என்று எல்லாப் பக்கமும் போட்டோ. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோ அழகா இருக்குமா இது!" என்று அவள் சொன்னது, மற்றவர்கள் தங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷத்தில் பார்த்துச் சொல்வதைப்போல இருந்தது.

பத்திரிகை இங்கிலீஷில் இருந்தது. அக்கா தமிழ் மீடியம். நான் இங்கிலீஷ் மீடியம். அப்படித்தான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு மொட்டை மாடிக்குப் போவோம். மற்ற நாட்களில் தலைக்குமேல் சுற்றிக்கொண்டே இருக்கும் தாம்பரம் விமானப்படைப் பயிற்சி விமானங்களுக்கு அன்று லீவு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயைப் போட்டு அக்கா மல்லாந்து படுத்துக்கொள்வாள். நான் படித்துத் தமிழில் சொல்வேன்.

என் இங்கிலீஷ் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ். விலை குறைவு என்ற அர்த்தத்தில் அவர்கள் 'பாக்கெட்டுக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தால், சட்டைப் பையில் சரியாக உட்காரும் என்று நான் சொல்வேன். பிரஷ் போட்டு மெருகேற்றிய உலோகம் என்று வந்தால், தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டுமாம் என்பேன். "போனுக்கா? பல்லு தேய்க்கிற மாதிரியா?" என்று அக்கா எழுந்து உட்காருவாள். ஆமாம் என்று நான் அடித்துச் சொல்வேன். எடை எத்தனை கிராம், பேட்டரி எத்தனை மணிநேரம், மழையில் நனைந்தால் என்ன ஆகும் எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொள்வாள். வாங்கப்போவது எதுவுமில்லை என்பதால் எங்களுக்கு எந்தப் போனிலும் பாரபட்சம் கிடையாது. மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி தன் மகனுக்கு எந்தப் போன் வாங்கலாம் என்று அக்காவிடம் வந்து கேட்டார்கள். அக்கா மூன்று இதழ்களை விரித்துவைத்து ஒன்றைச் சிபாரிசு செய்தாள். ஆன்ட்டி மிகவும் சந்தோஷப்பட்டு, வேறொன்றை வாங்கினார்கள்.

அக்காவுக்கு அந்தப் பத்திரிகையில் பிடித்தது போட்டோக்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருமுறை அவளே வேறு காரணம் சொன்னாள். "ஒரு போனை வாங்கி, ஒரு வாரம் கூடவே வெச்சிருந்து, பேசிப் பாத்து, அழுத்திப் பாத்து, அப்புறம்தான்டி எழுதறாங்க. நம்மளைப் பத்தி யாராவது ஒரு வாரம் பாத்துட்டா பேசறாங்க?"

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. கையில் நல்ல போன்கூட இருக்கிறது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கால் தானாக மாடிப்படியைத் தேடுகிறது. நான் இருக்கிற இந்தப் பதினான்கு மாடிக் கட்டிடத்தில் மொட்டை மாடியைப் பூட்டிவைத்திருக்கிறார்கள்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம் கம்பெனியில் ஒரு புது மாடல் தொடங்கியது. கறுப்பாய்த் தட்டையாய் இருந்ததால் பெண்கள் அதற்கு சிலேட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தொடங்கிய பிறகு அக்கா கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். அம்மா கேட்டதற்கு, "புது மாடல்மா, பழகிடும்" என்றாள். ஒவ்வொரு மாதமும் பத்திரிகை வந்ததும், "சிலேட்டு வந்திருக்கா பாரு" என்று முதலில் அதைத்தான் கேட்பாள். அவள் அத்தனை ஆவலாகக் கேட்டதைப் பார்த்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதைப்போல நானும் காத்திருந்தேன். எங்கள் அக்கா செய்த போன் புத்தகத்தில் வரப்போகிறது என்று வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அது வந்துவிட்டது. அக்கா பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு அப்படியே தூங்கியும் போனாள். நான் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன்.

எண் பட்டன்கள் இறுக்கமாக இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். அதிலும் ஐந்தாம் எண் மோசம், விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சந்தேகத்துக்கு மூன்று கடைகளில் மூன்று போன்களை வாங்கிப் பார்த்தார்களாம். மூன்றிலும் அதே கதையாம். பொருத்தியதில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, அந்தத் தகடே சரியாக வார்க்கப்படவில்லை என்று முடித்து, பத்துக்கு நாலு மார்க் போட்டிருந்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பட்டன் வைப்பது எங்கள் அக்கா. பட்டன் மோசம் என்றால் எங்கள் அக்கா மோசம் என்றுதானே அர்த்தம்? நடுவில் அவர்கள் எழுதியிருந்ததெல்லாம் எனக்கு வெறும் எழுத்துக்கள். நாலு மட்டும்தான் கண்ணில் நின்றது. பள்ளிக்கூடப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தேன். நாலை ஒன்பதாக்க மேலே ஒரு சின்னக் கோடு போதும்.

மறுநாள் மொட்டை மாடியில் அக்கா படுத்துக்கொள்ளவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் தயாரித்துவைத்திருந்ததை ஒப்பித்தேன். பார்க்க அழகு, பேச அருமை, பட்டன்கள் எல்லாம் பஞ்சு மாதிரி.

"பஞ்சு மாதிரியா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. பஞ்சு மாதிரின்னுதான் போட்டிருக்கு."

"நல்லாப் பாத்துப் படி. அஞ்சாம் நம்பரைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?"

அதை மட்டும் இவள் எப்படிக் கேட்கிறாள்? பொய் சொல்ல ஆரம்பித்தவர்களுக்கு நடுவில் இறங்க இடம் கிடைக்காது. "எழுதியிருக்கு. அஞ்சுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்காம். மார்க்கு ஒன்பது" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அக்கா அந்த ஒன்பதைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரலைப் பார்த்தாள். "அப்ப என் கைதான் சரியில்ல போல" என்று மெதுவாகச் சொன்னாள். சந்தோஷத்தில் வார்த்தை வராமல் எதையோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று நான் கீழே இறங்கியபோது உலகத்திலேயே நல்ல தங்கை நான்தான்.

இரண்டு வாரம் போயிருக்கும். அக்கா ஒருநாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைகளிலிருந்து நிறைய சிலேட்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. பட்டன் தகட்டைச் சரியாகப் பொருத்தாதது எங்கள் தவறுதான் என்று எழுதித் தரச்சொல்லி, அந்த வேலை செய்யும் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அப்பா கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். "தப்பு பண்ணியா நீ? ஒழுங்காதான வெச்ச?"

"ஒழுங்காத்தான்பா வெச்சேன். அஞ்சு அழுத்தவே வராது. ஆரம்பத்துலயே சூப்பர்வைசர் சார்கிட்ட சொன்னேன். எனக்குத்தான் அழுத்தத் தெரியலன்னாரு. சரி, வெளியில வாங்கறவங்க சொல்வாங்கன்னு பாத்தேன். அவங்க பஞ்சு மாதிரி இருக்குன்னு எழுதறாங்க. ஊரே நல்லா இருக்குன்னு சொல்றப்ப நான் மட்டும் எப்படிப்பா இல்லன்றது?"

அப்பா என் பக்கம்கூடத் திரும்பவில்லை. "அந்த புக்கு படிச்சது போதும்" என்று மட்டும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்காவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் எப்படி அக்காவையே சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழும் என்பது மட்டும் விளங்கியது. உள்ளே போய் வீட்டுப்பாடம் எழுதினேன்.

அந்த மாதக் கடைசியோடு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளோடு அதே வரிசையில் வேலை செய்த தோழி ஒருத்தி கோவிலம்பாக்கத்திலிருந்து வந்தாள். அக்கா கம்பெனியில் விட்டுவந்த டிபன் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தாள். பாலிடெக்னிக் படித்தவள். அம்மா காபி போட உள்ளே போனாள். வந்தவள் பேச்சு வாக்கில் அலமாரியிலிருந்த பத்திரிகைகளில் ஒன்றை உருவிப் புரட்டினாள். எதைப் புரட்டக் கூடாதோ அதையேதான்.

"ஏய், நம்ம சிலேட்டு கீது!" என்று உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே போனவள், சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னாடி இது? அஞ்சாம் நம்பரு விரல் வலிக்குதுன்னு அப்டியே போட்டுகிறான். மூணு கடையில வாங்கி டெஸ்ட் பண்ணிகிறான். வெச்சவங்க தப்பு இல்ல, தகடுதான் தப்புன்னு பச்சையா எழுதிகிறான். இத வெச்சிகினா நீ கையெழுத்து போட்ட?"

அக்கா பத்திரிகையை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

"இங்க வா" என்றாள். போனேன். "படி" என்றாள். "இருக்கறதை மட்டும் படி."

விக்கலுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துச் சொன்னேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் முடித்தேன். அவள் அடிக்கவில்லை.

"மூணு கடையிலயா?"

"ம்."

"மூணுலயும் அஞ்சு இறுக்கமா?"

"ம்."

"இன்னொரு வாட்டி படி."

மூன்று முறை படிக்கவைத்தாள். மூன்றாம் முறை அவள் முகத்தில் வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. வலதுகைக் கட்டைவிரலை இடதுகையால் பொத்திக்கொண்டு, "என் கை இல்லடி" என்று தோழியிடம் சொன்னாள். "என் கை இல்ல."

மறுநாள் காலையில் அவள் ஜங்ஷனுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கம்பெனி பஸ் வந்தது. முன் சீட்டிலிருந்த சூப்பர்வைசரிடம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, படித்து முடித்தும் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. "கரெக்டாத்தான்மா எழுதியிருக்கான். ஆனா நீ எழுதிக் குடுத்துட்டியே" என்று பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் அவளை ஏற்றிக்கொள்ளாமல் போயிற்று.

வீடு வரைக்கும் அக்கா என் கையை விடவில்லை.

ஒரு மாதத்துக்குள் ஓசூரில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். என்னால்தான் போகிறாள் என்று நினைத்தேன். அதில் பாதி உண்மை. என்மேல் கோபித்துக்கொண்டு போகிறாள் என்றும் நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என் தலையைத் தடவினாள். அதையும் நான் நம்பவில்லை.

அங்கே போய் மூன்றாம் மாதம் சொந்தமாக ஒரு போன் வாங்கினாள். இத்தனை இதழ்கள் படித்தவள் என்ன மாடல் வாங்கியிருப்பாள் என்று எனக்கு ஒரே ஆர்வம். கேட்டேன். "ஏதோ ஒண்ணு. பேசறதுக்கு நல்லா இருக்கு" என்றாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் அப்பாவின் போனுக்கு அவளிடமிருந்து அழைப்பு வரும். அம்மா பேசுவாள், அப்பா சாப்பிட்டாயா என்று கேட்பார், பிறகு என் முறை. "இந்த மாச புக்கு வந்துச்சா?" என்பாள். வந்திருக்கும். அதை மாதம் தவறாமல் தாம்பரத்திலிருந்து வாங்கி வந்தவர் அப்பா. ஏன் என்று அவர் சொல்லவில்லை. தேவையா என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

"படி" என்பாள் அக்கா.

நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவளைப்போலப் படிப்பேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவள் என்னைச் சோதிக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் அவசரத்தில் கண் தப்பி ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். "பேட்டரிக்கு அப்புறம் ஒரு வரி விட்டுட்ட" என்றாள் உடனே. அங்கே அவள் கையிலும் அதே இதழ் விரிந்திருந்திருக்கிறது. என் பொய்யைப் பிடிப்பதற்காகவே ஓசூரில் ஒன்று வாங்கி, இங்கிலீஷும் கற்றுக்கொண்டு, வரிக்கு வரி சரிபார்க்கிறாள் என்று நினைத்து, இனி ஒரு எழுத்தையும் விடக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அன்று கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். போனில் அவள் பக்கத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. வேறு யாரும் அந்த அறையில் இருப்பதாகத் தெரியவில்லை.

"அவ்ளோதான்க்கா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா. இனிமே விளம்பரம்தான்."

வைத்துவிடுவாள், இந்த வாரம் தப்பித்தோம் என்று நான் பத்திரிகையை மூடப் போனேன்.

"விளம்பரத்தையும் படி" என்றாள் அக்கா.